கவர்னரின் கழுத்தில் கை வைத்தவர் யார்?

உட்கார்ந்திருப்பவர்கள் தயவுசெய்து எழுந்து நிற்கவும். தொப்பி வைத்திருப்பவர்கள் கழற்றிவிடவும். நாகரிக உலகம் தலைகுனிந்து கேட்க வேண்டிய செய்தி இது. செப்டம்பர் முடிகிற தறுவாயில், ஹாம்ப்ஷயரில் லின்னெட் ஆற்றங்கரையிலுள்ள ஆப்பர்ட்டன் என்னும் ஊரில், சர் மார்ட்டிமர் ஹேடோ அவர்களின் சேவல், கழுத்தில் ஓர் இறகுகூட இல்லாத கோலத்தில் காணப்பட்டது.

சேவலின் பெயர் கவர்னர். உயிருக்கு ஆபத்தில்லை. மானம்தான் போயிருந்தது.

மறுநாள் காலை கூண்டுக்கு முன்னால் ஒரு சிறு கூட்டம் துக்க வீட்டில் நிற்பதுபோல் நின்றது. மீன்பிடி கிளப்பின் தலைவர் சர் மார்ட்டிமர் நடுவில். அவருக்குப் பின்னால் கமிட்டிக் கனவான்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி மீசை. கொஞ்சம் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு, குற்றம் சாட்டப்பட்ட மேவிஸ் டாட். அவள் லண்டனுக்குப் போன் போட்டு வரவழைத்த துப்பறியும் நிபுணர் மிஸ் எனிட் பெட்டிஃபர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு இஞ்சி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய அந்த அம்மாள் யோசிக்கும்போது இஞ்சி பிஸ்கட் தின்பார். யோசித்து முடித்ததும் தின்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருடைய உதவியாளன் லென் டாப்னிக்கு மட்டும்தான் தெரியும்.

லென் முன்பு பஸ் கண்டக்டர். வாய்த்துடுக்கால் அந்த வேலை போயிற்று. அதே வாய்த்துடுக்கால் இந்த வேலை கிடைத்தது.

"இது சாதாரண சேவல் இல்ல, மிஸ் பெட்டிஃபர்," என்றார் சர் மார்ட்டிமர். "ஏப்ரல்ல வாங்கினேன். இதுவரைக்கும் ஒரு இறகைக்கூட நான் எடுத்ததில்ல. இந்த நீலச் சாம்பல் நிறம் இருக்கே, சாயம் இல்ல, பிறவியிலேயே வந்தது. இங்கிலாந்துலயே இப்படி ஒரு கழுத்து கெடயாது."

"கெடயாதுதான் சார்," என்றான் லென். "இப்ப அதுக்கே கெடயாது."

கமிட்டி மீசைகள் ஒரே சமயத்தில் அவன் பக்கம் திரும்பின.

லென்னுக்கு இந்த ஊர்ச் சமயாசாரங்கள் ரயிலிலேயே போதிக்கப்பட்டிருந்தன. குட்டித் தூண்டில் முள் ஒன்றில் ரோமமும் இறகும் சுற்றி ஒரு பொய்ப்பூச்சி கட்ட வேண்டும். கிழச் சேவலின் விறைப்பான கழுத்திறகாக இருந்தால் பூச்சி தண்ணீரில் நனையாமல் நுனிக்காலில் நிற்பதுபோல் மிதந்து வரும். டிரவுட் மீன் நிஜமென்று நம்பி மேலே வந்து வாயைத் திறக்கும். வாயில்லாத ஜீவனை இப்படி ஏமாற்றுவதற்கு மூங்கில் தூண்டிலும் முழங்கால் வரை பூட்ஸும் போட்டுக்கொண்டு வருபவன் கனவான். மூழ்குகிற பூச்சியால் பிடிப்பவன் கனவான் அல்ல. புழுவால் பிடிப்பவன் மனிதனே அல்ல.

"மேவிஸ்தான் எடுத்தாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் மிஸ் பெட்டிஃபர்.

"துப்பறிஞ்சேன்," என்றார் சர் மார்ட்டிமர். அந்தச் சொல் இனிமேல் தன்னுடையது என்பதுபோல் சொன்னார். "இவ பொய்ப்பூச்சி கட்டி விக்கறவ. ஜூன் மாசம் எங்க எல்லாருக்கும் முன்னால, 'கவர்னர் அசந்து தூங்கறப்ப ஒருநாள் வந்து பாத்துக்கறேன்'னு சொன்னா. பூட்டு உடையல. சாவி ரெண்டுதான். ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு தீனி போடற என் மனைவிகிட்ட. ஆகவே கம்பி வலைக்குள்ள விரலை விட்டுத்தான் பிடுங்கியிருக்கணும். இந்தக் கண்ணிக்குள்ள நுழையற விரல் ஊர்ல இவளுக்கு மட்டும்தான் இருக்கு."

"ரொம்ப நன்றிங்க," என்றாள் மேவிஸ். "என் விரலை இதுவரைக்கும் யாரும் இவ்வளவு கவனிச்சதில்ல."

"கடைசியா, தரையைப் பாருங்க. ஒரு இறகாவது கெடக்கா? அதுதான் அத்தாட்சி." சர் மார்ட்டிமர் கைத்தடியால் தரையைத் தட்டினார். "இன்னைக்கு மத்தியானம் கிளப்புல மீன்பிடிப் பருவ நிறைவு விருந்து. புட்டிங் முடிஞ்சதும் தீர்மானம் வாசிக்கப் போறேன். என் வீட்டை இவ காலி பண்ணணும். கிளப் ஆளுங்க ஒருத்தரும் இவகிட்ட பூச்சி வாங்கக் கூடாது."

மேவிஸின் கைகள் கட்டியபடியே இருந்தன. ஆனால் விரல்கள் முழங்கையை அழுத்திப் பிடித்ததை லென் பார்த்தான். ஆற்றை ஒட்டிய அந்தக் கூரை வீடு சர் மார்ட்டிமருடையது. வடக்கு ஜன்னலோரம் அவள் மேசை; அந்த மேசைதான் அவள் சாப்பாடு. கிளப் கைவிட்டால் அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரு கடையும் அவளிடம் வாங்காது.

"புட்டிங் எப்போ வரும்?" என்று கேட்டார் மிஸ் பெட்டிஃபர்.

"ரெண்டு மணி வாக்குல."

"அப்ப நேரம் இருக்கு," என்று அவர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார். யோசிக்கிற பிஸ்கட் என்று லென் குறித்துக்கொண்டான்.

ஆற்றங்கரையில் பீச் மரங்கள் பழுத்த இலைகளைத் தண்ணீரில் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தன. காலைப் பனி இன்னும் முழுதாக விலகவில்லை.

"மேடம், யாரை முதல்ல விசாரிக்கப் போறோம்?"

"யாரையும் இல்ல. மரத்தை."

"அது வாயே திறக்காதே."

"இந்த ஊர்ல அது ஒண்ணுதான் உண்மை பேசும்." மிஸ் பெட்டிஃபர் குடையால் மேலே காட்டினார். "யோசிச்சுப் பாரு. இறகை எடுத்தவங்க அதைச் சட்டம் போட்டு மாட்டவா எடுத்தாங்க? பூச்சி கட்டத்தான். பருவம் இன்னைக்கோட முடியுது. அப்ப நேத்தோ முந்தாநாளோ கட்டி, ஆத்துல வீசியிருக்கணும். வீசினவங்க மரத்துல மாட்டியிருக்கணும்."

"ஏன் மாட்டணும்?"

"எல்லாரும் மாட்டுவாங்க."

அது உண்மைதான். வளைவில் நின்ற ஆல்டர் மரத்தை அண்ணாந்து பார்த்த லென் அசந்துபோனான். கிளைக்குக் கிளை பொய்ப்பூச்சிகள் தொங்கின. ஒரு பருவத்து அவமானம் முழுவதும் காய்த்திருந்தது. அந்த வழியாக வந்த கமிட்டிக்காரர் ஒருவரிடம், இதில் உங்களுடையது எது என்று கேட்டான்.

"என் ஆயுசுல நான் மரத்தைப் பிடிச்சதில்ல," என்றார் அவர்.

அடுத்து வந்தவரும் பிடித்ததில்லை. மூன்றாமவர் அந்த மரத்தையே இன்றுதான் பார்ப்பதாகச் சொன்னார்.

"மேடம், இதெல்லாம் மரமே கட்டின பூச்சிங்கதான் போல," என்று சொல்லிவிட்டு லென் கோட்டைக் கழற்றி ஏறினான். பஸ் மாடிப்படியில் ஏறி இறங்கிய கால்கள் கைவிடவில்லை. பழசு, துருப்பிடித்தது, பறவை எச்சம் விழுந்தது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவன் ஆற்றின்மேல் நீண்டிருந்த நுனிக்கிளையில் நின்றான். அங்கே ஒன்று, புத்தம் புதிது. புகையில் தேன் ஒரு சொட்டு விட்டதுபோல் நீலச் சாம்பல் நிறம்.

கீழே வந்ததும் மிஸ் பெட்டிஃபர் அதை வாங்கி முகர்ந்தார். லென்னிடம் நீட்டினார்.

"கிளப் ஆளுங்க பூச்சி மிதக்கறதுக்கு என்ன தடவுவாங்க?"

"பாரபின் எண்ணெய். அவங்க பக்கத்துல போனாலே அடுப்பு ஞாபகம் வருது." லென் முகர்ந்தான். புருவம் உயர்ந்தது. "இது ரோஜா. முகத்துக்குப் போடற கிரீம். உசத்தியான சரக்கு."

"எங்க மாட்டியிருந்தது?"

"ஆத்துப் பக்கத்து நுனியில. வெளிப்பக்கமா."

"நம்ம கரையில நின்னு வீசினா, பின்னால சுழட்டறப்ப மாட்டும். உள்பக்கக் கிளையில இருக்கும். இது முன்பக்கமா பறந்து வந்து மாட்டியிருக்கு." மிஸ் பெட்டிஃபர் எதிர்க்கரையைப் பார்த்தார். அங்கே வெட்டிச் சீவிய பச்சைவேலிக்குப் பின்னால் சர் மார்ட்டிமரின் புல்வெளி, ஒரு பாவமும் அறியாததுபோல் கிடந்தது.

முதலில் மேவிஸின் வீட்டுக்குப் போனார்கள். ஜன்னலோர மேசையில் பூச்சி கட்டுகிற குட்டி இடுக்கி. அதைச் சுற்றிலும் காய்ந்த சேவல் தோல்கள், முயல் காது, நூல் கண்டு. மூலையில் இரண்டு பெட்டிகள் பாதி அடுக்கியபடி திறந்து கிடந்தன.

"அதுக்குள்ள மூட்டை கட்டிட்டீங்களா?" என்றான் லென்.

"அவங்க வந்து என் சாமானைத் தொட்டுத் தூக்கிப் போடறதைப் பாக்கறதுக்கு, நானே அடுக்கிட்டுப் போயிடலாம் பாருங்க." மேவிஸ் பூச்சியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் முகத்தில் முதன்முதலாகப் பொறாமை தெரிந்தது. "கவர்னர்தான். சந்தேகமே இல்ல. ஆனா நான் இப்படிக் கோணலா கட்டினா கையை வெட்டிப்பேன். தலைப்பக்கம் பாருங்க, பட்டன் தைக்கிற முடிச்சு." திருப்பினாள். "கோணலா இருந்தாலும் பெரிய மீன் கடிச்சிருக்கு. பல் தடம். உடம்புக்குச் சுத்தியிருக்கறது கிடா ரோமம். நல்ல ரோஸ் நிறம்."

"கிடாவுக்கு ரோஸ் நிறத்துல எங்க ரோமம் இருக்கும்?" என்றான் லென்.

மேவிஸ் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க லண்டன்தானே? விடுங்க."

எதிர்க்கரைக்குப் போகிற பாலம் பாதிரியார் வீட்டை ஒட்டியிருந்தது. ரெவரண்ட் ஃபில்பாட் வேலியோரம் மண்ணைக் கிளறிப் புழு எடுத்துக்கொண்டிருந்தார். எதற்கென்று மறைக்கவும் இல்லை. பல வருஷங்களுக்கு முன்னால் அவர் புழு கோத்து ஒரு டிரவுட்டைப் பிடித்துவிட்டார். அதைவிடக் கொடுமை, ருசியாக இருந்தது என்று வெளியில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கிளப் கனவான்கள் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைத் தவிர வேறெதையும் அவரிடம் கேட்டுக்கொள்வதில்லை.

அவர் காலைச் சுற்றிப் புழுவுக்காகக் காத்திருந்த கோழிகளைப் பார்த்து லென் நின்றுவிட்டான். சலவைக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்தவைபோல் இருந்தன. கழுத்தெல்லாம் வெறும் தோல்.

"மேடம், திருடன் இங்கயும் வந்துட்டுப் போயிருக்கான். இறகு பத்தலேன்னா அடுத்து பாதிரியார் தலைதான்."

மிஸ் பெட்டிஃபர் பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தினார். ஒரு கோழியின் கழுத்துக்கு அருகே குனிந்து, கண்ணாடியைத் தள்ளிவிட்டுப் பார்த்தார். பிறகு மிச்சத்தை மென்று விழுங்கினார்.

"லென், நீ சில சமயம் உனக்கே தெரியாம புத்திசாலியாயிடற."

"பழக்கமில்லாததால தெரியமாட்டேங்குது மேடம். என்ன சொன்னேன்?"

அவர் பாலத்தில் நடந்தார். கையில் இன்னொரு பிஸ்கட். இது யோசித்து முடித்த பிஸ்கட்.

பச்சைவேலிக்குப் பின்னால், புல்வெளி ஆற்றில் முடிகிற இடத்தில், அகலமான வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண் முழங்காலிட்டிருந்தாள். செடி நடுகிறாள் என்று லென் நினைத்தான். அப்போது அவள் கையில் தூண்டில் எழுந்தது.

சர் மார்ட்டிமரின் மனைவி லேடி யூனிஸ் ஹேடோ அவர்களைப் பார்க்கவில்லை. அவளுடைய கண்கள் மிதந்து வந்த இலைகளின் நடுவே ஓரிடத்தில் இருந்தன. அங்கே தண்ணீர் மெல்ல உதடு குவித்தது. ஒரு வட்டம் விரிந்தது. அவள் அவசரப்படவில்லை. இரண்டு தரம் கயிற்றைக் காற்றில் சுழற்றிப் பூச்சியை உலர்த்தினாள். மூன்றாவது தரம் விட்டாள். வட்டத்துக்குச் சற்று மேலே, இரண்டு இலைகளுக்கு நடுவில், பூச்சி தானாகவே பறந்து வந்து களைத்து உட்கார்ந்ததுபோல் இறங்கியது. ஒரு கணம் மிதந்தது. பிறகு இல்லை. தூண்டில் வில்லாக வளைந்தது.

மீன் கரைக்கு வந்ததும் அவள் தொப்பியைக் கழற்றி அதில் அள்ளினாள். பொன்னிற வயிறும் சிவப்புப் புள்ளிகளும். முள்ளை எடுத்துவிட்டு மீனை மறுபடி தண்ணீரிலேயே விட்டாள்.

"ஏங்க விட்டுட்டீங்க?" லென்னுக்குப் பொறுக்கவில்லை. "நல்ல எடை இருக்குமே."

லேடி யூனிஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். தூண்டிலை மறைக்க இடம் தேடினாள். அத்தனை நீளமான பொருளை மறைக்க உலகத்தில் இடமில்லை என்று புரிந்ததும் பெருமூச்சு விட்டாள்.

"சமையலறைக்கு அனுப்பினா அது என் வீட்டுக்காரர் பிடிச்சதாயிடும்," என்றாள். "நேத்து அப்படித்தான் ஆச்சு. பெரிய மீன். இந்தப் பருவத்துலயே இல்லாத அளவு. சமையல்காரிகிட்ட யார் பிடிச்சதுன்னு சொல்லாம குடுத்தேன். அவர் சாயங்காலம் வெறுங்கையோட வந்தார், மீனைப் பார்த்தார், நின்னார். ராத்திரி சாப்பாட்டுல அதை எப்படிப் பிடிச்சார்னு எனக்கே விளக்கினார்."

"எப்படிப் பிடிச்சாராம்?"

"நான் பிடிச்சதைவிட நல்லாவே பிடிச்சிருந்தார்."

மிஸ் பெட்டிஃபர் புல்லில் உட்கார்ந்து பொய்ப்பூச்சியை நீட்டினார். "இது உங்களோடதுதானே?"

"அட, ஆல்டர் மரத்துலதான விட்டேன்." மரத்தைப் பிடித்ததாக ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவள்தான். "கவர்னர் இறகுதான். ஆனா நான் பிடுங்கல. தீனி போடப் போறப்பெல்லாம் தரையில கெடந்தது. ஒரு வாரமா பொறுக்கினேன்."

"பொறுக்கினீங்களா, பிடுங்கினீங்களா?" என்றான் லென்.

"நான் பிடுங்கியிருந்தா கவர்னர் போட்ட கூச்சல்ல ஊரே திரண்டிருக்கும். வீட்டுல இருக்கற ரெண்டு பேருக்கும் அந்தக் குணம் உண்டு." அவள் குரல் தாழ்ந்தது. "ஏதோ நோய்னு நினைச்சேன். நான் லண்டன்ல வளர்ந்தவ. கோழின்னா தட்டுல வர்றதுதான் தெரியும். சொன்னா என் தீனியாலதான்னு குதிப்பார்னு பேசாம இருந்துட்டேன். அவர் வாரத்துக்கு ஒரு நாள்தான் அதைப் பார்ப்பார், விருந்தாளிக்குக் காட்டறதுக்கு."

"உடம்புக்குச் சுத்தின ரோமம்?"

லேடி யூனிஸின் கன்னம் லேசாகச் சிவந்தது. வெட்கத்தால் அல்ல. "கிளப்புல பெண்களை ஏன் சேர்க்கறதில்ல தெரியுமா? அந்த ரோமம் செம்மறிக் கிடாவோட எந்த எடத்துலேர்ந்து எடுக்கறதுங்கறதைச் சபையில பேச வேண்டியிருக்காம். நாங்க மயக்கம் போட்டுருவோமாம்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"பக்கத்துப் பண்ணைக்குப் போய் கிடாவையே கேட்டேன். கத்திரிக்கோலோட."

லென் தன்னையறியாமல் கால்களைச் சேர்த்து நின்றான்.

"மேவிஸ் வீட்டை விட்டுப் போகப்போறா," என்றார் மிஸ் பெட்டிஃபர். "பெட்டி அடுக்கிட்டா."

லேடி யூனிஸ் ஆற்றைப் பார்த்தாள். "கார்னேஷன் பூ அனுப்பலாம்னு இருந்தேன்."

"பூங்கொத்துக்குக் கீழ படுத்துத் தூங்க முடியாது, லேடி ஹேடோ."

"தெரியும்." தூண்டிலைப் புல்லில் கிடத்தினாள். "இறகு என்கிட்ட இருக்குன்னு சொன்னா, எதுக்குன்னு கேப்பார். அதுக்கப்புறம் இந்தக் கரைக்கு வேலி வந்துரும். அவர் கிளப்புக்குப் போற நேரம் மட்டும்தான் எனக்குன்னு இருக்கு. ஆனாலும் சொல்லிடறேன். இன்னைக்கே சொல்லிடறேன்."

"அவசரப்படாதீங்க. இந்த ஊர்ல ஒரு திருட்டு நடந்திருக்கு, வாஸ்தவம். ஆனா அது இறகு இல்ல, மீன். திருடினது நீங்களும் இல்ல." மிஸ் பெட்டிஃபர் பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "நீங்க புட்டிங் மட்டும் கொஞ்சம் மெதுவா பரிமாறுங்க. லென், பாதிரியார் வீட்டுல துணி போடற கூடை ஒண்ணு கேட்டு வாங்கு. அஞ்சு கோழி தூக்கணும்."

"மேடம், பஸ்ஸுல கூட நான் கோழியை ஏத்தினதில்ல."

"இன்னைக்கு ஏத்து."

கிளப் குடிலில் விருந்து நடந்துகொண்டிருந்தது. மனைவிமார் உள்ளே வர அனுமதியுள்ள ஒரே நாள்; அதுவும் புட்டிங் பரிமாறுவதற்காக. மேசை நடுவே வெள்ளித் தட்டில் அந்தப் பெரிய டிரவுட், வேகவைத்து, வெள்ளரி வில்லை போர்த்தி, படுத்திருந்தது. பருவத்தின் பெரிய மீனைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும் என்பது கிளப் வழக்கம். அதுவரை எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே ஆட்டிறைச்சி சாப்பிடுவார்கள்.

லேடி யூனிஸ் புட்டிங்கைக் கரண்டி கரண்டியாக, மருந்து கொடுப்பதுபோல் பரிமாறிக்கொண்டிருந்தாள். சர் மார்ட்டிமர் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"... நேத்து மாலை. அந்தி வெளிச்சம். அது மூக்கை மட்டும் நீட்டினது. நான் மூச்சை அடக்கினேன். கவர்னரோட இறகால என் கையாலயே கட்டின பூச்சி. ஒரே வீச்சு. கனவான்களே, இந்த மகத்தான இறகைத்தான் ஒரு பெண்..."

கதவு திறந்தது. மிஸ் பெட்டிஃபர், கூடையோடு லென், தொப்பியைக் கையில் பிடித்தபடி ரெவரண்ட் ஃபில்பாட், வாசலோடு நின்றுவிட்ட மேவிஸ். புழு மனிதரைப் பார்த்ததும் கமிட்டி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. லென் கூடையை மேசைமேல் கவிழ்த்தான்.

ஐந்து மொட்டைக் கழுத்துக் கோழிகள் விரிப்பின்மேல் நடந்தன. ஒன்று சர் மார்ட்டிமரின் புட்டிங்கைப் பரிசோதித்தது.

சர் மார்ட்டிமரின் முகம் வெளிறி, பிறகு வெற்றியால் ஒளிர்ந்தது. "பார்த்தீங்களா? இன்னும் அஞ்சு கழுத்து. ஒரே கை, அதே முறை. மேவிஸ் டாட், பாதிரியார் கோழியைக்கூட விடலையா நீ?"

"இது தனி ஆள் வேலையில்ல," என்றது ஒரு மீசை. "கும்பல்."

"அமெரிக்காவுக்கு அனுப்பறாங்க," என்றது இன்னொன்று.

"ரெவரண்ட்," என்றார் மிஸ் பெட்டிஃபர், "உங்க கோழிக்கெல்லாம் என்ன ஆச்சு?"

ரெவரண்ட் ஃபில்பாட் குழம்பிப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். "ஒண்ணும் ஆகலியே. இலையுதிர் காலம். கோழிக்கு இறகு உதிருது. வருஷா வருஷம் உதிரும். கழுத்துலதான் ஆரம்பிக்கும். குளிருக்குள்ள புதுசு முளைச்சிரும்."

"சேவலுக்கும்?"

"சேவலும் கோழிதானேம்மா."

அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சாமானியர்கள் அல்லர். பாதி இறகைக் காட்டினால் அந்தச் சேவலின் வயதையும் சாதியையும் சொல்வார்கள். இறகின் விறைப்பைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள், பேசியும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பழகிய சேவல்கள் எல்லாம் செத்த சேவல்கள். உறையில் போட்டுத் தபாலில் வந்த தோல்கள். தோல் எந்த மாதத்திலும் இறகு உதிர்ப்பதில்லை.

"கவர்னர் கழுத்தை நான் காலையில பார்த்தேன்," என்றார் மிஸ் பெட்டிஃபர். "முள்ளு முள்ளா புது இறகு முளை விட்டிருக்கு. இந்தக் கோழிகளுக்கு இருக்கற மாதிரியே."

"கவர்னர் சாதாரணக் கோழி இல்ல," என்றார் சர் மார்ட்டிமர். குரலில் பாதி உதிர்ந்திருந்தது. "சரி, உதிர்ந்ததாகவே வெச்சுக்குவோம். உதிர்ந்தது எங்க? தரையில ஒண்ணுகூட இல்லையே?"

லேடி யூனிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான்தான் எடுத்தேன், டார்லிங்."

"எடுத்து?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் மிஸ் பெட்டிஃபர் முந்திக்கொண்டார். "அதுக்கு முன்னால ஒரு சின்ன விஷயம். கவர்னரோட ஒரு இறகைக்கூட எடுத்ததில்லைன்னு இன்னைக்குக் காலையில சொன்னீங்க. நேத்து மாலை அந்த இறகுலதான் மீன் பிடிச்சதா இப்ப சொல்றீங்க. அந்தப் பூச்சியை இந்தக் கனவான்கள் ஒரு தடவை பார்க்கலாமா?"

கமிட்டி ஆவலாகக் கழுத்தை நீட்டியது. சர் மார்ட்டிமர் சட்டைப் பைகளைத் தடவினார். எல்லாப் பைகளையும் தடவினார். தனக்கு எத்தனை பைகள் இருக்கின்றன என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

மிஸ் பெட்டிஃபர் அவர் காதருகே குனிந்தார். பக்கத்தில் நின்ற லென்னுக்கு மட்டும் கேட்டது.

"தேடாதீங்க. அது என்கிட்ட இருக்கு. மீனோட பல் தடம் இருக்கு. உங்க வீட்டு ரோஜா கிரீம் வாசனையும் இருக்கு. மிச்சத்துக்கு உங்க மனைவி தொப்பியைப் பாருங்க."

சர் மார்ட்டிமர் பார்த்தார். வைக்கோல் தொப்பியின் பட்டையைச் சுற்றி, அலங்காரம்போல், நீலச் சாம்பல் பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கோணல்தான். ஆனால் ஒவ்வொன்றும் மீன் பார்த்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் புன்னகை செய்தாள். அவர் மீனைப் பார்த்தார். மீன் யாரையும் பார்க்கவில்லை.

"இப்ப நீங்க எந்தத் தீர்மானத்தை வாசிக்கப் போறீங்க?" என்று அதே தாழ்ந்த குரலில் கேட்டார் மிஸ் பெட்டிஃபர். "உங்களோடதா, என்னோடதா?"

சர் மார்ட்டிமர் தொண்டையைச் செருமினார். எப்பேர்ப்பட்ட மனிதர் அவர் என்பது அப்போது தெரிந்தது. நொடியில் நிமிர்ந்தார்.

"கனவான்களே, நீதி கடினமானது. கருணை அதைவிடக் கடினமானது. இந்தக் கிளப் கடினமானதையே தேர்ந்தெடுக்கும்." தீர்மானத் தாளை நான்காகக் கிழித்தார். "மேவிஸ் அந்த வீட்டுலயே இருக்கலாம்."

"எவ்வளவு நாளைக்கு?" என்றார் மிஸ் பெட்டிஃபர்.

"... அவ ஆயுசு வரைக்கும்."

"ரெவரண்ட், கேட்டுச்சா?"

"நல்லா கேட்டுச்சு," என்றார் புழு மனிதர். "ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துலயும் ரெண்டு வார்த்தை சொல்லிடறேன். சர் மார்ட்டிமரோட கருணையைப் பத்தி."

"அப்புறம் டார்லிங்," என்றாள் லேடி யூனிஸ், "அடுத்த பருவத்துலேர்ந்து நம்ம கரையில நான் நிக்கலாம்னு இருக்கேன். வெயில் உடம்புக்கு நல்லதாம்."

சர் மார்ட்டிமர் பலமாகத் தலையசைத்தார். அன்று எதைக் கேட்டிருந்தாலும் அசைத்திருப்பார்.

மேவிஸ் இன்னும் வாசலிலேயே நின்றாள். லென் அவளுக்காக ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அதிலிருந்த கோழியை எழுப்பிவிட்டான்.

"உள்ள வாங்க. பெட்டியைப் பிரிச்சு அடுக்க நான் வந்து ஒத்தாசை பண்றேன்."

"முயல் காதைத் தொடாம இருந்தா வாங்க," என்றாள் அவள். சொல்லும்போது குரல் உடைந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கமிட்டி எழுந்து நின்றது. கோப்பைகள் உயர்ந்தன. லின்னெட் ஆற்றுக்கு, மிதக்கும் பூச்சிக்கு, கருணைக்கு, ஒரே வீச்சில் மீன் பிடித்த கைக்கு என்று வரிசையாக வாழ்த்துச் சொல்லிக் குடித்தார்கள். கடைசி வாழ்த்துக்கு லேடி யூனிஸ் மட்டும் அடக்கமாகத் தலை வணங்கினாள். பிறகு கத்தியை எடுத்து, கணவரிடம் கொடுக்காமல், தானே மீனை வெட்டினாள். முதல் துண்டு மேவிஸுக்கு. இரண்டாவது பாதிரியாருக்கு. லென்னுக்கு வால்.

எல்லோரும் ஒரே சமயத்தில் வாயில் போட்டுக்கொண்டார்கள்.

மீனில் மண்வாடை அடித்தது.